ஒரு கையில் எஞ்சிய மெட்டு

கிழக்குக் கென்டக்கியின் மலைப் பள்ளத்தாக்குகளில் எழுத்துக் குறிப்பு ஏதுமின்றிக் காதால் கேட்டும் கையால் பயின்றும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பிடில் மெட்டுகளில், ஊருக்கு ஊர் பலர் அறிந்து வைத்திருந்தவையும் உண்டு. ஒரே ஒருவரின் வாசிப்பு வழியாக மட்டும் பிற்காலத்துக்கு வந்து சேர்ந்தவையும் உண்டு. 'குளோரி இன் த மீட்டிங் ஹவுஸ்' என்னும் மெட்டு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பெர்ரி கவுண்டியிலுள்ள ஹசார்ட் என்ற நிலக்கரி நகரில், 1937ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பிடில் வாசிப்பாளர் லூதர் ஸ்ட்ராங் துணைக் கருவி எதுவுமின்றித் தனியாக வாசித்ததை நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் தட்டில் பதிந்துகொண்டார். அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் இன்று இம்மெட்டை வாசிப்பவர்களின் கற்றல் வழியைப் பின்தொடர்ந்து சென்றால், அது ஏறத்தாழ எப்போதும் அந்த ஒரு தட்டில்தான் போய் நிற்கிறது. ஒரு மெட்டு அரியது என்று சொல்லப்படும்போது அச்சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது என்பதை ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது கடினம்.

இத்தகைய மெட்டுகள் இன்று 'ஓல்டு டைம்' இசை என்ற பொதுப்பெயரால் வழங்குகின்றன. தென்கிழக்கு அமெரிக்காவின் கிராமங்களில், பிரித்தானியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிடில் மரபும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பாஞ்சோ மரபும் தாள உணர்வும் ஒன்றில் ஒன்று கலந்து உருவான நடன இசை இது. பெரும்பாலான மெட்டுகள் இரண்டு பகுதிகளைக் கொண்டவை. தாழ்ந்த தந்திகளில் நிகழும் பகுதியை வாசிப்பாளர்கள் கரடான பகுதி என்றும், மேல் தந்திகளில் நிகழும் பகுதியை நயமான பகுதி என்றும் அழைப்பதுண்டு. ஒவ்வொரு பகுதியும் இருமுறை வாசிக்கப்பட்டு, நடனம் முடியும் வரை அச்சுற்று திரும்பத் திரும்ப வரும். 1922இல் எக் ராபர்ட்சனும் 1923இல் ஜான் கார்சனும் தட்டுகளுக்கு வாசித்த பிறகு, இந்த இசை வணிகப் பண்டமாகவும் ஆனது. ஆயினும் விற்பனைக்காகப் பதிவானது மரபின் ஒரு சிறு பங்கே. நிறுவனங்களின் கண்ணில் படாத வாசிப்பாளர்கள் மலைப்பகுதி எங்கும் இருந்தார்கள். லூதர் ஸ்ட்ராங் அவர்களில் ஒருவர்.

இம்மெட்டு ஏன் பரவலாகவில்லை என்பதற்கான காரணங்களில் ஒன்று அதன் தந்தி அமைப்பிலேயே இருக்கிறது. மேற்கத்திய வயலினின் நான்கு தந்திகளும் வழக்கமாக ஜி, டி, ஏ, ஈ என்னும் சுரங்களுக்குச் சேர்க்கப்படுகின்றன. அடுத்தடுத்த இரு தந்திகளுக்கு இடையே எப்போதும் சட்ஜ பஞ்சம உறவு நிற்கும். அப்பலாச்சிய மலைப்பகுதியின் வாசிப்பாளர்கள் இந்த அமைப்பை மாற்ற முடியாத விதியாகக் கருதவில்லை. மெட்டுக்கு ஏற்பப் பிருடையைத் திருகித் தந்திகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொண்டார்கள். அவர்களிடையே பரவலாக இருந்த ஏ, ஈ, ஏ, ஈ என்னும் சேர்க்கை, கர்நாடக வயலின் வாசிப்பாளர்கள் பயன்படுத்தும் ச, ப, ச, ப என்ற சேர்க்கையேதான். 'குளோரி'க்கு ஸ்ட்ராங் வைத்துக்கொண்ட சேர்க்கை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அடித் தந்தியான ஜி மட்டும் மூன்று அரைச்சுரங்கள் தாழ்த்தப்பட்டு ஈ ஆகிறது. மற்ற மூன்றும் இருந்தபடியே இருக்கின்றன. ஈயைச் சட்ஜமாகக் கொண்டு பார்த்தால், அடித் தந்தியும் உச்சித் தந்தியும் இரண்டு ஸ்தாயி இடைவெளியில் சட்ஜமாகவும், இடையிலுள்ள இரண்டும் கைசிகி நிஷாதமாகவும் சுத்த மத்தியமமாகவும் அமைகின்றன.

இந்தச் சிறு திருகலால் விளையும் மாற்றம் பெரிது. தளர்ந்த அடித் தந்தியின் ஒலியில் இறுக்கம் குறைந்து, ஒரு கனத்த அதிர்வு சேர்கிறது. வில் அதைத் தொடாத நேரத்திலும் மேல் தந்தியின் ஈ ஒலிக்கும்போதெல்லாம் அதுவும் தானாகவே உடன் அதிர்ந்து, பிடிலின் மரப்பெட்டி முழுவதையும் நிறைக்கிறது. ஒரே நேரத்தில் இரு தந்திகளை வில்லால் உரசி, ஒன்றில் மெட்டையும் மற்றொன்றில் மாறாத ஒத்தையும் நிறுத்துவது இம்மரபின் அடிப்படை வழக்கம். பக்கவாத்தியமின்றித் தனியொருவர் ஒரு நடனத்தையே தாங்கி நடத்த முடிந்ததற்கு அந்த ஒத்தும் வில்லின் அழுத்தமும் தந்த தாளமுமே காரணம். இம்மெட்டில் இறங்குமிடமெல்லாம் நிஷாதத்தின் வெற்றுத் தந்தி வந்து இடிப்பதும், பின்பு சட்ஜம் மீண்டும் நிலைபெறுவதும், கேட்பவரை ஓரிடத்தில் அமரவிடாத ஒரு வேகத்தை உண்டாக்குகின்றன. சாதாரண காந்தாரத்தைச் சார்ந்து நிற்கும் மெட்டுகள் பொதுவாகச் சோகம் தோய்ந்தவை என்ற மேற்கத்திய எண்ணம் இங்கே செல்லுபடியாகாது. ஸ்ட்ராங்கின் வாசிப்பில் ஒலிப்பது துயரமன்று, கட்டுக்கடங்காத ஒரு தீவிரம்.

ஆனால் அதே சேர்க்கைதான் இம்மெட்டைத் தனிமைப்படுத்தவும் செய்தது. பலர் கூடி வாசிக்கும் இடங்களில் பாஞ்சோக்காரர் ஒவ்வொரு சுருதிக்கும் தம் தந்திகளை மாற்ற வேண்டியிருப்பதால், ஒரு சுருதியில் அமர்ந்துவிட்டால் அதிலேயே பல மெட்டுகளைத் தொடர்ந்து வாசிப்பது வழக்கம். டி, ஜி, ஏ, சி ஆகிய சுருதிகளுக்கே அங்கு பெரும்பாலும் இடம். ஈயில் நிற்கும் ஒரு மெட்டுக்காக எல்லோரும் கருவியைத் திருத்திக்கொண்டு, அது முடிந்ததும் மீண்டும் பழைய நிலைக்கு வருவதென்பது கூட்டத்தின் ஓட்டத்தையே நிறுத்திவிடும். தனியாக வாசிப்பவரின் வசதிக்கும் விருப்பத்துக்கும் உரியதாக இருந்த ஒன்று, கூட்டு வாசிப்பு பெருகிய காலத்தில் ஓரமாக நின்றுபோனதில் வியப்பில்லை.

மெட்டின் பெயரும் கவனத்துக்குரியது. மீட்டிங் ஹவுஸ் என்பது அப்பகுதிச் சபையார் தங்கள் வழிபாட்டுக் கூடத்துக்கு வழங்கும் பெயர். தென்கிழக்குக் கென்டக்கியில் வேரூன்றிய ஓல்டு ரெகுலர் பாப்டிஸ்ட் சபையார் இன்றளவும் தங்கள் வழிபாட்டில் எந்த இசைக்கருவியையும் அனுமதிப்பதில்லை. ஒருவர் ஒரு வரியை விரைவாக இழுத்துச் சொல்ல, சபை முழுவதும் அதே வரியை மிக மெதுவாக, ஒவ்வொருவரும் தத்தம் குரலின் வளைவுகளோடு திரும்பப் பாடும் முறை அவர்களுடையது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பாட்டுப் புத்தகங்கள் அரிதாக இருந்த நாள்களில் வழங்கிய இந்த முறை, பிறந்த மண்ணில் பெரும்பாலும் மறைந்துபோக, இந்த மலைகளில் உயிரோடு நிற்கிறது. மலைப்பகுதியின் பக்தர்கள் பலருக்கோ பிடில் சாத்தானின் பெட்டி. நடனமும் குடியும் அதைச் சுற்றியே நிகழ்ந்ததால், மனந்திரும்பியவர்கள் பிடிலைக் கைவிடுவதும் உண்டு. வழிபாட்டுக் கூடத்தின் மகிமையைப் பெயரில் தாங்கிய மெட்டு அக்கூடத்தினுள் ஒலிக்க முடியாத ஒரு கருவியில் பிழைத்திருக்கிறது என்பது, ஒரே ஊரின் இரண்டு இசைகளும் எவ்வளவு அருகருகே வாழ்ந்தன என்பதைக் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் குரல்கள் தொடும் வளைவுகளும், பன்னிரு சுரங்களின் கட்டத்துக்குள் சரியாக அமராத காந்தாரமும் பிடிலின் விரல் நழுவல்களிலும் கேட்கின்றன. கென்டக்கி பிடில் மெட்டுகளைத் தொகுத்து 2001இல் நூலாக்கிய இசையியலாளர் ஜெஃப் டாட் டைட்டன், அதே சபையாரின் பாடல்களைப் பதிவு செய்து வெளியிடும் முயற்சியிலும் ஈடுபட்டவர். ஒன்றை அறியாமல் மற்றொன்றை முழுமையாக அறிய முடியாது என்பதற்கு அவருடைய பணியே போதுமான சான்று.

1937இல் ஆலன் லோமாக்ஸுக்கு வயது 22. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 1928இல் தொடங்கப்பட்ட நாட்டார் பாடல் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றிருந்த அவர், மனைவி எலிசபெத்துடன் அந்த இலையுதிர் காலத்தில் கிழக்குக் கென்டக்கியில் இரண்டு மாத அளவில் பயணம் செய்தார். மின்சாரம் எட்டாத ஊர்களில் மின்கல ஆற்றலில் இயங்கிய கனமான பதிவுக் கருவி, அசிடேட் பூச்சுள்ள தட்டில் ஒலியை நேரடியாகச் செதுக்கும். ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே கொள்ளும். அந்தப் பயணத்தில் 200க்கும் மேற்பட்ட தட்டுகள் நிரம்பின. விடியும் வரை நீளும் நடனத்துக்காக உருவான ஒரு மெட்டை, அடுத்த மெட்டுக்கும் இடம் விட வேண்டும் என்ற நெருக்கடியில், சில சுற்றுகளில் முடிக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ராங் 'குளோரி'யை வாசித்ததும் அந்த நெருக்கடிக்குள்தான்.

அதே பயணத்தில், 1937 அக்டோபர் 26 அன்று, சேலியர்ஸ்வில்லில் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப் என்பவர் 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்' என்ற மெட்டை வாசித்தார். இவ்விரு தட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன் தரும். நெப்போலியனின் பின்வாங்கலைப் பெயரில் கொண்ட இம்மெட்டு எவ்வகையிலும் அரியதன்று. பல மாநிலங்களில் அறியப்பட்டிருந்தது. பலரும் அதை மெதுவான அணிநடையாக, பைக் குழலின் முழக்கத்தை நினைவூட்டும் வகையில், அடித் தந்தியை டிக்குத் தாழ்த்தி வாசித்தார்கள். 1875இல் பிறந்து 1957இல் மறைந்த ஸ்டெப் அந்த ஒத்தையும் சேர்க்கையையும் வைத்துக்கொண்டு, நடையை மட்டும் விரைந்த நடனமாக மாற்றிவிட்டார். பலருக்குச் சொந்தமான மெட்டு, ஒருவரின் கையில் மட்டும் வேறொரு பிறவி எடுத்தது. அரியது எது என்ற கேள்வி இங்கே இடம் மாறிவிடுகிறது. மெட்டு பொதுச்சொத்தாக இருக்கையில் அதன் ஓர் உருவம் மட்டும் அரியதாக இருக்கக் கூடும்.

அந்த உருவத்துக்கு நேர்ந்ததை எவரும் முன்கூட்டியே ஊகித்திருக்க முடியாது. ஆலன் லோமாக்ஸும் அவர் தந்தையும் தொகுத்து 1941இல் வெளிவந்த 'அவர் சிங்கிங் கன்ட்ரி' என்ற நூலுக்காகப் பதிவுத் தட்டுகளைச் சுரக்குறியீட்டில் எழுதும் பொறுப்பை ஏற்றவர் ரூத் கிராஃபோர்ட் சீகர். நவீன இசைப் படைப்பாளியாகத் தன் முப்பதாவது வயதுக்குள் பெயர் பெற்றிருந்த அவர், தட்டுகளை மீண்டும் மீண்டும் கேட்டு, பாடுபவரின் ஒவ்வொரு தயக்கத்துக்கும் வாசிப்பவரின் ஒவ்வொரு வில் திருப்பத்துக்கும் மதிப்பளித்து எழுதினார். ஒவ்வொரு சுற்றிலும் ஏதேனும் ஒன்று மாறிவரும் இசையில் எந்தச் சுற்றை எழுதுவது, எதை அடிப்படை என்றும் எதை மாற்றம் என்றும் கொள்வது ஆகிய கேள்விகளோடு அவர் போராடினார். அது பற்றி அவர் எழுதிய நீண்ட ஆய்வுரை அந்நூலில் அடங்காத அளவுக்கு விரிந்துபோய், அவர் 1953இல் மறைந்து நெடுங்காலத்துக்குப் பிறகு, 2001இல்தான் முழுமையாக வெளிவந்தது. இந்த இசையைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதில் உள்ள நேர்மையின் எல்லைகளைப் பற்றி இத்தனை அக்கறையோடு சிந்தித்தவர்கள் அவர் காலத்தில் மிகச் சிலரே. அதற்குரிய புகழை அவர் வாழ்நாளில் பெறவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஆக்னஸ் டி மில்லின் 'ரோடியோ' என்ற பாலே நடனத்துக்கு இசையமைத்த ஏரன் கோப்லாண்ட், ஸ்டெப்பின் மெட்டை அந்த நூலிலிருந்து எடுத்து, 'ஹோ டவுன்' என்னும் இறுதிப் பகுதியின் அச்சாணியாக வைத்தார். 1942 அக்டோபரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் அது மேடையேறியது. பின்னர் ராக் இசைக்குழுக்கள் அதை எடுத்தாண்டன. தொலைக்காட்சியில் மாட்டிறைச்சி விளம்பரத்துக்கும் அது பயன்பட்டது. ஸ்டெப்பின் பெயரை ஒருமுறையும் கேட்டிராத கோடிக்கணக்கானோரின் காதில் அவருடைய விரல்கள் எடுத்த முடிவுகள் விழுந்திருக்கின்றன. அந்த மூலப் பதிவு 2016இல் அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. கோப்லாண்டின் இசை துள்ளலும் பேரழகும் வாய்ந்தது. ஆனால் ஸ்டெப்பின் பதிவை அடுத்துக் கேட்பவருக்கு, இசைக்குழு எதை விட்டுவிட்டுச் சென்றது என்பது உடனே புலப்படும். தாழ்த்திய தந்தியின் இடையறாத ஒத்து அங்கே இல்லை. ஒரே வில் தாளமாகவும் மெட்டாகவும் இருந்த நிலை மாறி, அவ்வேலை பல கருவிகளுக்குப் பகிரப்பட்டுவிட்டது. அதைவிட முக்கியமாக, அணிநடையை நடனமாக மாற்றத் துணிந்த ஒருவரின் வாசிப்பு, இனி எவரும் ஒரு சுரத்தையும் மாற்றக் கூடாத எழுத்தாக உறைந்துவிட்டது.

'குளோரி'க்கு அப்படிப்பட்ட பயணம் வாய்க்கவில்லை. மரபில் ஆர்வம் கொண்ட இளைஞர்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காப்பகப் பிரதிகளைத் தேடிக் கேட்கத் தொடங்கியபோதுதான் அது மீண்டும் கைகளுக்கு வந்தது. ஸ்டீபன் வேட் 1997இல் தொகுத்த காங்கிரஸ் நூலகக் களப்பதிவுகளின் தட்டில் ஸ்டெப்பும் ஸ்ட்ராங்கும் ஒருங்கே இடம்பெற்றார்கள்; இப்பதிவுகளுக்குப் பின்னாலிருந்த மனிதர்களைத் தேடிச் சென்று அவர் எழுதிய நூல் 2012இல் வெளிவந்தது. இவற்றின் பயனாக ஸ்ட்ராங்கின் அடித் தந்திச் சேர்க்கையை இன்று பலர் அறிவார்கள். அவர் வில்லை எங்கே சேர்த்து இழுத்தார், எங்கே பிரித்தார் என்று அசைவு அசைவாகப் பயில்கிறார்கள். இந்த உழைப்பு போற்றத்தக்கது. ஒருவரின் வாசிப்பை அதன் முழு நுட்பத்தோடு உள்வாங்கிய பிறகே அதிலிருந்து விலகிச் செல்லும் உரிமை பிறக்கிறது என்று இம்மரபின் நல்லாசிரியர்கள் கருதுவதும் நியாயமானதே.

ஆயினும் ஒரு தட்டு காப்பாற்றித் தருவது ஒரு மெட்டையன்று, அதன் ஒரு நாள் வாசிப்பை மட்டுமே என்பதை மறக்கும்போது அந்த விலகல் நிகழாமலே போகிறது. பலர் ஒரு மெட்டை வாசிக்கும் ஊரில், அதன் எது மாறலாம், எது மாறினால் மெட்டே வேறாகிவிடும் என்பதைக் கேட்பவர் பல வாசிப்புகளை ஒப்பிட்டுத் தாமாகவே அறிந்துகொள்கிறார். எஞ்சியிருப்பது ஒரே ஒரு பதிவு என்னும் நிலையில், அன்று அந்த அறையில் விரல் தற்செயலாகத் தொட்ட ஒரு சுரமும், தட்டு முடியப் போகிறது என்பதற்காக விரைந்து முடித்த ஒரு முடிவும்கூட மெட்டின் மாறாத உறுப்புகளாகிவிடுகின்றன. ஒரு மெட்டு அரியதாகிவிட்டது என்பதன் மிகப்பெரிய இழப்பு இதுவே: சுரங்கள் கிடைத்துவிட்டன, அவற்றுக்கு இடையே உலவும் சுதந்திரத்தின் எல்லையை அறியும் வழி அடைபட்டுவிட்டது.

மகாஃபின் கவுண்டியைச் சேர்ந்த பிடில் வாசிப்பாளர் ஜான் சாலியரின் நிலையும் இதை ஒத்ததே. வணிக நிறுவனங்களுக்கு வாசிக்க மறுத்த அவரை, 1941, 1942ஆம் ஆண்டுகளில் அவருடைய மகன்களே வீட்டில் ஒரு பதிவுக் கருவியை வைத்துத் தட்டுகளில் பதிந்தார்கள். அந்தத் தட்டுகள் இல்லையெனில் அவருடைய மெட்டுகளில் பல அவரோடு போயிருக்கும். மாறாக, மேடிசன் கவுண்டியில் டாக் ராபர்ட்ஸ் என்ற வெள்ளைக்கார வாசிப்பாளர் தம் மெட்டுகளில் பலவற்றை ஓவன் வாக்கர் என்ற கறுப்பின வாசிப்பாளரிடமிருந்து கற்றார். ராபர்ட்ஸின் தட்டுகள் 1920களில் விற்பனைக்கு வந்தன, வாக்கரின் வாசிப்போ பதிவாகவே இல்லை. மூலவரின் கையை எட்ட முடியாமல், கற்றவரின் கை வழியாக மட்டும் கேட்கக் கிடைக்கும் இந்நிலை, கறுப்பின வாசிப்பாளர்களின் மெட்டுகளில் மிகப் பலவற்றுக்கு நேர்ந்தது. பெயராவது எஞ்சிய ஓவன் வாக்கரை விடவும், பெயரும் எஞ்சாதவர்களே அதிகம்.

லோமாக்ஸின் கென்டக்கிப் பதிவுகள் இன்று இணையத்தில் எவரும் கேட்கக் கூடியவையாக வைக்கப்பட்டிருக்கின்றன. 'குளோரி'யைத் தேடி வருபவர்கள் அதோடு நின்றுவிடாமல் 'த லாஸ்ட் ஆஃப் காலகன்', 'ஹாக் ஐடு மேன்' என ஸ்ட்ராங்கின் பிற பதிவுகளையும் கேட்பது இம்மெட்டுக்கே செய்யும் நன்மையாகும். வேறு மெட்டுகளில் அவர் எவ்வாறு ஒரு சொற்றொடரைச் சுற்றுக்குச் சுற்று மாற்றினார், ஒத்தை எங்கே விட்டு எங்கே பிடித்தார், வில்லின் அழுத்தத்தை எந்த அசைவில் வைத்தார் என்பவற்றிலிருந்து, 'குளோரி'யில் அவர் பதியாமல் விட்ட சுற்றுகள் எப்படி இருந்திருக்கும் என்பதை ஓரளவுக்கு நியாயமாக ஊகிக்க முடியும். அடித் தந்தியை ஈக்குத் தாழ்த்தும் சிரமத்துக்கு அஞ்சி, கூட்டத்தின் வசதிக்காக வழக்கமான சேர்க்கையிலேயே இதை வாசிப்போரும் இருக்கிறார்கள். அவர்கள் மாற்றுவது மாற்றக் கூடாத பகுதியை. ஸ்ட்ராங்கின் தந்திச் சேர்க்கையை அப்படியே வைத்துக்கொண்டு, நயமான பகுதியின் மூன்றாம் நான்காம் சுற்றுகளில் தம் கையின் போக்கை அனுமதிக்கும் வாசிப்பாளர்களே இன்று இம்மெட்டுக்குத் தேவைப்படுகிறவர்கள். அவர்களில் இருவர் வாசிப்பது ஒன்றுபோல் இல்லாதபோதுதான், 1937க்குப் பின் முதன்முறையாக, இம்மெட்டில் ஒப்பிட்டுப் பார்க்க ஏதேனும் இருக்கும்.